மிக்சரின் முடிவுரை

கட்டுரையாவது கத்தரிக்காயாவது என்று முனகும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வசுமதி டீச்சர் பத்திகளாகவே நிறுத்திவிடுவார். ஆளுக்கொரு அட்டை, அதில் அவரவர் எழுதிய வரி. முன்னுரை ஜன்னலோரம், பொருளுரை கரும்பலகைக்கு முன்னால், முடிவுரை கதவருகே. அந்த வரிசை ஒருநாளும் குலைந்ததில்லை. இன்றைய தலைப்பு, ஜெனிபா வீட்டுப் பூனை. முன்னுரையாக நின்ற தன்வீர், பூனையின் பெயர் மிக்சர் என்று வாசித்தான். அடுத்தவள், அது தயிர்ச்சோற்றைத் தவிர வேறெதையும் தொடாது என்றாள். அதற்கடுத்தவன், பட்டாசுச் சத்தத்துக்குப் பயந்து மதிலேறிக் குதித்த மிக்சர் இன்னும் திரும்பவில்லை என்று வாசித்தான். எல்லோரும் முடிவுரையைப் பார்த்தார்கள். ஜெனிபாவின் அட்டையில் ஒன்றுமில்லை.

"ஆகவேன்னு ஆரம்பிம்மா. ஆகவே, நாமும் பிராணிகளிடம் அன்பு காட்டுவோம். அவ்வளவுதானே," என்றார் டீச்சர்.

"அத எழுதிட்டா முடிஞ்சிரும் டீச்சர். மிக்சர் இன்னும் வரலையே."

பொருளுரையில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. எந்தக் கட்டுரையையும் அவர் பாதியில் விட்டதில்லை. இதையும் விடுவதாக இல்லை. கரும்பலகையில் பெரிதாக 'ஆகவே' என்று எழுதினார், பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்தார், சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு கதவின் தாழ்ப்பாளை நீக்கி, "பிடிச்சுக்க" என்றார். ஜெனிபா வெற்று அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு பூனை நுழையும் அளவுக்குக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். மணி அடித்தது. ஒரு பத்தியும் தன் இடத்தைவிட்டு அசையவில்லை.