மூன்றாவது தாள்

"எங்கம்மா போட்டே? இது வாங்கறவன் கையெழுத்து போடற இடம்." மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

அம்மா என்ன செய்வாள்? நோட்டரி பென்சிலால் குறி போட்டுக் கொடுத்த இடத்தில்தான் போட்டாள்.

வீட்டை மகன் பேருக்கு எழுதிக்கொடுக்கும் சம்மதப் பத்திரம்; பதிவாபீசுக்குப் போகுமுன் நோட்டரி முத்திரை வேண்டும். கடைசிப் பக்கத்தில் கொடுப்பவர், பெறுபவர், சாட்சி என்று கோடு கோடாக இருந்தது. படித்தவனே தடுமாறுவான். முத்திரையும் கையுமாக உட்கார்ந்திருக்கும் நோட்டரியே தடுமாறினால் யாரிடம் போய்ச் சொல்வது?

"ஃபாரத்தையே குழப்பமா அச்சடிச்சிருக்கான்," என்றார் அவர்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றான் மகன், அவர் காதில் விழும்படியாகவே.

நோட்டரி அடுத்த தாளை எடுத்தார். "அம்மா, நீங்க மனசார கொடுக்கறீங்கதானே?"

"ஆமா சார்," என்றான் மகன்.

"அம்மாவைக் கேட்டேன். நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்."

"அவங்களுக்குக் காது மந்தம். நான் பக்கத்துல இருந்தாத்தான் புரியும்."

வராந்தாவில் குழாய் சொட்டுவதுகூட அம்மாவுக்குக் கேட்டது. வாயைத் திறக்கத்தான் பயம். எழுதிக்கொடுத்துவிட்டால் சொந்த வீட்டிலேயே ஒண்டுக்குடித்தனம். மாட்டேன் என்றால் பெற்ற பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது?

இந்த முறை குறி சாட்சிக் கோட்டில் விழுந்தது. அம்மா அங்கேயே போட்டாள்.

"அடடா, மறுபடியும் தப்பு," என்றார் நோட்டரி.

"கண்ணு தெரியலேன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே? உங்களை நம்பி லீவு போட்டுட்டு வந்தேன் பாருங்க."

"வாஸ்தவம்தான். என்கிட்ட தாள் தீர்ந்துபோச்சு. கீழ ஜெராக்ஸ் கடையில ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க."

மகன் பல்லைக் கடித்தான். "நான் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காம உட்காரு," என்று, காது மந்தமான அம்மாவிடம் கிசுகிசுத்துவிட்டுப் போனான்.

படியில் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. நோட்டரி எழுந்து கதவைச் சாத்தினார். அம்மாவிடம் சன்னமான குரலில் கேட்டார்.

"உங்களைத் தனியா ஒரு வார்த்தை கேக்க இன்னும் எத்தனை தாளைத்தான் நான் கெடுக்கறது? மனசு இல்லேன்னா சொல்லிடுங்கம்மா. நீங்க மாட்டேன்னதா இருக்க வேண்டாம், முத்திரை வைக்க மாட்டேன்னு நான் சொல்லிடறேன். திட்டு என் மேலயே விழட்டும்."