கஸ்தூரி வரைந்த பூ

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

கட்டச் சொன்னது சோதிக்க வந்திருந்த டாக்டரம்மா. கயிற்றுக்கு இந்தப் பக்கம், யானையிடமிருந்து இருபதடி தள்ளி.

யானை தானாகத்தான் படம் வரைகிறதா, பாகன் ஏதும் வித்தை செய்கிறானா என்று பார்த்து எழுதிப்போக மூன்று பேர் வந்திருந்தார்கள். நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, நிழலாகப் பார்த்து உட்கார வைத்திருந்தது ரிசார்ட்.

எதிரே கஸ்தூரி. அவள் முன்னால் பலகையில் குத்திய வெள்ளைத்தாள். தும்பிக்கை நுனியில் பிரஷ்.

மூன்று வருடமாக ஒரே பூ. ஒரு தண்டு, இரண்டு இலை, ஐந்து இதழ்.

மூன்று வருடமும் அவன் அவளுடைய இடது காதோரம் நின்றான். பார்க்கிறவர்களுக்கு, பாகன் பாசமாகக் காதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். மேலே இழுத்தால் கோடு மேலே போகும். கீழே இழுத்தால் கீழே வரும். இதழ் வளைகிற இடத்துக்கு மட்டும் இழுப்புப் போதாது. அதற்கு விரலிடுக்கில் ஒரு ஆணி.

பூ முடிந்ததும் காதடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. போதும், பிரஷ்ஷைப் போடு என்று அர்த்தம். அது அவளுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த பாஷை.

காலையில் குளிப்பாட்டுகிற இடத்துக்கே மேனேஜர் வந்துவிட்டார். இவள் வரையாமல் நின்றாலும் சரி, காதுக்குப் பின்னால் இருக்கிற புண்ணை அவர்கள் பார்த்துவிட்டாலும் சரி, அடுத்த வாரம் இவளை ஏற்றிப்போக லாரி வந்துவிடும் என்றார். எங்கோ வெளிமாநிலத்தில் காப்பகமாம். அங்கே யானையைப் பார்த்துக்கொள்வது காப்பகத்து ஆட்கள்தானாம். உன்னை வாசலுக்குள்ளேகூட விடமாட்டார்கள், வெள்ளிங்கிரி, என்றார்.

பதினொரு வருடம் ஆகிறது அவளோடு. அவன் கட்டிக்கொண்டு வந்தவள், சோறு போடும்போதெல்லாம், மூத்தவள் சாப்பிட்டாளா என்று கேட்டு இடுப்பில் குத்துவாள்.

மூன்று நாளாக ஆணி இல்லை. புண் மேல் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டு, அது தெரியாமல் சேறு பூசியிருந்தான்.

தொடங்கலாம் என்றார் டாக்டரம்மா.

கஸ்தூரி அசையவில்லை.

இடது காதை மெல்ல விரித்தாள். கை வரவில்லை. மறுபடியும் விரித்தாள்.

அவன் மனசுக்குள் கெஞ்சினான். வரைஞ்சுரு அம்முணி. இந்த ஒரு வாட்டி வரைஞ்சுரு.

பிரஷ் தாளைத் தொட்டது.

தண்டு வந்தது. ஒரு இலை. இன்னொரு இலை.

பக்கத்தில் மேனேஜர் மூச்சு விட்டது கேட்டது.

முதல் இதழ். வளைகிற இடம் வந்ததும் கஸ்தூரி கண்ணை இறுக மூடினாள். வளைத்தாள். திறந்தாள்.

இரண்டாவது. மூடினாள். வளைத்தாள். திறந்தாள்.

ஆணி இல்லை. கை இல்லை. ஆளே இருபதடிக்கு அப்பால்.

ஐந்து இதழுக்கும் ஐந்து தடவை.

வந்தவர்களில் பெரியவராக இருந்தவர் கைதட்டினார். தானாகவேதான் வரைகிறது, சந்தேகமே இல்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

மேனேஜர் அவன் விலாவில் முழங்கையால் இடித்தார். சந்தோஷம் அவருக்கு.

கஸ்தூரி பிரஷ்ஷைக் கீழே போடவில்லை.

தண்டின் மேலேயே இன்னொரு தண்டு போட்டாள். இலை மேல் இலை. இதழ் மேல் இதழ்.

சிரித்தார்கள். உற்சாகத்தைப் பார் என்றார் பெரியவர்.

மூன்றாவது பூவில் சாயம் தீர்ந்தது. காய்ந்த பிரஷ் தாளைக் கிழித்தது. நான்காவதில் பலகை சாய்ந்து விழுந்தது.

அவள் வெறும் காற்றில் வரைந்தாள்.

தண்டு. இலை. இலை. கண்ணை மூடினாள். திறந்தாள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா எழுந்து நின்று, நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். மேனேஜர் ஓடிப்போய் வாழைத்தாரை நீட்டினார். கஸ்தூரி திரும்பிப் பார்க்கவில்லை. தாரைப் போட்டுவிட்டு வந்தவர் அவன் காதோடு குனிந்தார்.

"நீ அசையாத. தானா நிக்கும். காதுல கை வெச்சீன்னா எல்லாஞ் சந்திக்கு வந்துரும், லாரிதான்."

தானாக நிற்காது என்று அவனுக்குத் தெரியும். அந்தத் தட்டு விழாமல் அவளுக்குப் பூ முடிந்ததே இல்லை.

காற்றில் ஆறாவது பூவோ ஏழாவதோ. முன்னங்கால் நடுங்க ஆரம்பித்திருந்தது.

அவன் கயிற்றைத் தாண்டினான்.

வாசனை தெரிந்து அவள் காதை விரித்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

காதடியில் உள்ளங்கையை வைத்து ஒரு தட்டுத் தட்டினான்.

பிரஷ் கீழே விழுந்தது.

டாக்டரம்மா பின்னாலேயே வந்துவிட்டிருந்தார். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

கையை எடுக்காமல் இருக்கலாம். கை அங்கே இருக்கிறவரை ஒன்றும் தெரியாது.



பிறகு சேற்றைக் கட்டை விரலால் வழித்துவிட்டு, காதை வெயில் படும்படி முன்னால் மடித்துப் பிடித்தான். டாக்டரம்மா புண்ணை உற்றுப் பார்த்தார். மேனேஜர் எங்கோ போன் பேசிக்கொண்டு நடந்தார்.

அவன் டாக்டரம்மா முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"லாரியில ஏத்தறப்ப வலது பக்கமா நிக்கச் சொல்லுங்கம்மா. இடது பக்கம் ஆள் வந்தா அவளுக்குப் பயமுங்க."