ஏழாம் வளைவில் ஒரு அலறல்

"ஒரே ஒரு கையெழுத்தும்மா. வாங்கிட்டுப் போயிடறேன்" என்றார் சாலை மேற்பார்வையாளர் நந்தகோபால்.

பவளக்கொடி வாசலை விட்டு நகரவில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன கணவர் மாயழகுவைக் காட்டெருமை முட்டிக் கொன்று மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"எதுக்கு சார்?"

"நம்ம மலை ரோடு அமைதிப் பாதையாச்சே, மனுஷச் சத்தமே கூடாது. சைக்கிள்காரங்க காத்தையும் குருவியையும் கேக்கத்தான் வர்றாங்க. அன்னிக்குக் காலைல ஏழாம் வளைவுல சத்தம் பிடிக்க வச்ச கருவியில ஒரு அலறல் பதிவாயிருக்கு."

"அவரோடதுதான்."

"அவசரப்படாதீங்க. மனுஷச் சத்தம்னா இந்த வருஷத்துல இது மூணாவது. மூணு ஆயிட்டா தோட்டத்து ஆளுங்க இருக்கிற இந்த லைன் வீடு பன்னிரண்டையும் காலி பண்ணணும். மிருகச் சத்தத்துக்குத் தடையில்ல. கருவிக்கே எதுன்னு சந்தேகம். நீங்க மிருகம்னு எழுதிக் குடுத்துட்டா விஷயம் முடிஞ்சுது."

பவளக்கொடி திரும்பிப் பார்த்தாள். மற்ற பதினொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

"முன்னெல்லாம் பனி மூடியிருந்தா, வளைவு திரும்புறதுக்கு முன்னாடி 'ஹோய்'னு குரல் குடுப்போம் சார். எருமை தானா ஒதுங்கிடும்."

"தெரியும்மா. அந்தக் கூச்சலைத்தானே முதல்ல நிறுத்தச் சொன்னோம்."

"நிறுத்திட்டார் சார்."

அவள் பேனாவை வாங்கினாள்.

"மிருகம்னே போட்டுக்குங்க. மனுஷனா இருக்க விட்டிருந்தா, வளைவுக்கு முன்னாடியே குரல் குடுத்திருப்பாரு."