பன்னிரண்டாம் வார்டு

“சார், எங்கேயோ இடிக்குது,” என்று மக்கள்தொகைப் பட்டியலை நீட்டினாள் நகராட்சிக் குமாஸ்தா.

தலைவர் வாங்கிப் பார்த்தார். பதினோரு வார்டுகளிலும் வார்டுக்கு ஒரே இனம். கறுப்பர் தெருவில் வெள்ளையர் இல்லை. சீனர் தெருவில் தமிழர் இல்லை. போன மாதம் எல்லைகளை மாற்றியதில் புதிதாக முளைத்த பன்னிரண்டாம் வார்டில் மட்டும் எல்லோரும் கலந்துகட்டி இருந்தார்கள்.

“தப்பா எழுதிட்டாங்களாம்மா?”

“ரெண்டு தடவை சரிபார்த்தேன் சார். ஒரே ரூம்ல நாலு பேர், நாலு பேரும் நாலு இனம். எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல.”

“எங்க வீட்டுல எல்லாம் ஒரே இனம். அதுக்கே மாமியாருக்கு ஒரு அடுப்பு, மருமகளுக்கு ஒரு அடுப்பு! இவங்க எப்படி ஒத்துப்போறாங்க?”

“அதான் தெரியல. வேற வார்டுக்கு வீடு மாத்திக்கிட்டுப் போனவங்கன்னு ஒருத்தர்கூட இல்ல சார்.”

“அப்ப இந்த வருஷ நல்லிணக்க விருது இவங்களுக்குத்தான். வண்டிய எடுக்கச் சொல்லும்மா.”

மாலையும் கேடயமுமாகப் போய் இறங்கிய இருவரும் திருதிருவென விழித்தார்கள். எதிரே உயரமான மதில். இரும்புக் கதவு. அதற்கு மேலே ‘மாவட்டச் சிறைச்சாலை’ என்ற பலகை.

விஷயத்தைக் கேட்ட ஜெயிலர் கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரொம்ப சந்தோஷம் சார். ஆனா கதவை மட்டும் திறந்துவிட்டேன்னா, பொழுது சாயறதுக்குள்ள அவனவன் தெருவுக்கு அவனவன் போயிடுவான்.”