பக்கம் மாற்றும் நேரம்

படுத்த படுக்கையாய்க் கிடந்த அம்மாவைத் தலையணையால் அமுக்கிக் கொன்றது மகன்தான் என்று போலீஸ் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அதுவரை பழி ஹோம் நர்ஸ் மேல் இருந்தது. ஜெயிலிலிருந்து வெளியே வந்த பிறகும் அவளுக்கு யாரும் வேலை தரவில்லை. "பாத்துக்க வந்தியா, அனுப்பி வைக்க வந்தியா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார் ஒருவர்.

ஒருநாள் அம்மாவின் மகள் கூப்பிட்டாள். இவள் தவறு செய்யவில்லை என்று நாலு வரி எழுதித் தருவாள் என நினைத்து நர்ஸ் போனாள்.

மகள் முகத்தைப் பார்க்காமல் அறையைத் திறந்துவிட்டாள். மெத்தையில், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்த ஆள் அளவுக்குப் பள்ளம். முழங்கால் மடங்கிய இடம்கூடத் தெரிந்தது.

"மெத்தை புதுசுக்கா. எத்தனை தடவை நீவி விட்டாலும் இப்படியே ஆகுது."

அம்மாவால் தானாகத் திரும்ப முடியாது. புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். அம்மா இறந்த அன்று பத்து மணிக்கு இடது பக்கம் திருப்பிவிட்டு நர்ஸ் மருந்து வாங்கப் போயிருந்தாள். திரும்பியபோது வாசலில் போலீஸ் நின்றது.

இப்போது கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டு.

"கொஞ்சம் பொறுத்துக்குங்கம்மா," என்று தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கைகளைக் கொடுத்தாள். அதே கனம். பள்ளம் மெல்ல வலது பக்கம் திரும்பியது.

கடிதத்தைப் பற்றி மகள் எதுவும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. மூலையில் கிடந்த தன் பழைய ஸ்டூலைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டாள்.

"எப்பக்கா கிளம்புவீங்க?"

"ரெண்டு மணிக்கு மறுபடி திருப்பணுமே."