அப்பா செய்த சைக்கிள்

அருளப்பன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். போட்டி அதிகாரி குனிந்து ஃபிரேம் முழுக்க எதையோ தேடினார்.

கம்பெனி பெயர் எங்கும் இல்லை.

"எங்க வாங்கினீங்க?"

"வாங்கலைங்க. நான் செஞ்சது. டைட்டானியம்."

அதிகாரி நிமிர்ந்தார். பிறகு மறுபடி குனிந்து, குழாய்கள் சேருமிடத்தை விரலால் தடவிப் பார்த்தார். வெல்டிங் மோதிரம் மாதிரி வெள்ளியாக ஓடியிருந்தது. பற்றவைக்கும்போது காற்று பட்டிருந்தால் நீலம் பாய்ந்திருக்கும். ஒரு இடத்திலும் நீலம் இல்லை.

"அருமையா இருக்குண்ணே. ஆனா விட முடியாது."

அருளப்பனுக்கு முதலில் புரியவில்லை.

"அங்கீகரிச்ச கம்பெனி ஃபிரேமா இருக்கணும். மாநிலப் போட்டி. நாளைக்கு ஒண்ணுன்னா என்னைத்தான் கேப்பாங்க."

துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக அவர் டைட்டானியம் பற்றவைக்கிறார். ஆள் உயரக் குழாய்கள். அவற்றுக்குள் அமிலம் ஓடும். இதுவரை ஒன்றும் கசிந்ததில்லை.

இந்த ஃபிரேமுக்கு எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள்.

"நான் ஏறிக் குதிச்சுக் காட்டட்டுங்களா?"

கேட்டபிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவருக்கே தெரிந்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மகள் ஜெசிந்தா பக்கத்திலேயே நின்றிருந்தாள். பதினேழு வயது. முதுகில் நாற்பத்தொன்று என்ற எண். அழுதுவிடுவாள் என்று நினைத்தார். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டி தொடங்கப் பதினெட்டு நிமிடம் இருந்தது.

கோச் ஓடிப்போய் வேறொரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். காய்ச்சலில் வராமல்போன ஒரு பெண்ணுடையது. கறுப்பு. கார்பன்.

"சீட்டை மட்டும் ஏத்திக் குடுங்க. மெதுவா. ரொம்ப முறுக்கினா வெடிச்சிரும்."

அருளப்பன் மண்டியிட்டார். ஃபிரேமை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார்.

பிளாஸ்டிக் வாளியின் சத்தம்.

இழையையும் பசையையும் சேர்த்து அச்சில் வார்ப்பது என்று கேள்விப்பட்டிருந்தார். அதன்மேல் மகளை ஏற்ற வேண்டும்.

போல்ட்டைத் திருகினார். உலோகமாக இருந்தால், 'போதும்' என்கிற இடம் கைக்குத் தெரியும். இதில் ஒன்றும் தெரியவில்லை. கால் சுற்று திருகினார். நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் திருகினார். பயந்து, கொஞ்சம் தளர்த்தினார்.

"போதும்ப்பா" என்றாள் அவள்.

விசில் ஊதினார்கள்.

பத்து கிலோமீட்டர் சுற்று. நான்கு சுற்று.

அவர் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார். கையில் அவர் செய்த சைக்கிள்.

முதல் சுற்றில் கூட்டத்தின் கடைசியில் வந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. சீட்டுக்குக் கீழே, தான் முறுக்கிய இடத்தைப் பார்த்தார். அதற்குள் கடந்துவிட்டாள்.

அடுத்த சுற்று வரும்வரை ஒவ்வொரு மோட்டார் சத்தத்துக்கும் ஆம்புலன்ஸோ என்று திரும்பினார்.

இரண்டாம் சுற்றில் நடுவில் வந்தாள்.

மூன்றாம் சுற்றில் முன்னால் ஐந்து பேர்தான் இருந்தார்கள். அதில் நாற்பத்தொன்று.

பக்கத்தில் யாரோ கத்தினார்கள். அவர் கைகள் இரண்டும் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தன.

இதுவரை அவள் ஒன்பதாவதாக வந்திருக்கிறாள். பதினொன்றாவதாக வந்திருக்கிறாள்.

இன்று இரண்டாவது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் உப்பு. மூச்சு வாங்கியது. அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

"அப்பா, எவ்ளோ லேசா இருக்கு தெரியுமா! ஏத்தத்துல தானா போவுதுப்பா!"

சொல்லி முடித்துத்தான் அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

கோச் வந்து அவள் தோளைத் தட்டினார். யாரோ படம் எடுத்தார்கள். அருளப்பனையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். சைக்கிளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையும் பிடித்துக்கொண்டே நின்றார்.

"போய் மெடலை வாங்கிட்டு வாம்மா" என்றார்.

கறுப்பு சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் அதன் கைப்பிடியைத் துண்டால் துடைத்தாள். ஒருமுறைக்கு இரண்டுமுறை.

வீடு பதினான்கு கிலோமீட்டர்.

"வண்டி புடிச்சுப் போவமா? அலுப்பா இருக்கும்."

"வேணாம்ப்பா. நம்ம சைக்கிள்லயே வர்றேன்."

நம்ம சைக்கிள் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள்.

எப்போதும்போல அவள் முன்னால் போனாள். அவர் மொபெட்டில் பின்னால். லாரி எதுவும் உரசிவிடாமல், பயிற்சி நாட்களில் தினமும் காலையில் இப்படித்தான் வருவார். பதக்கத்தை அவர் சட்டைப் பைக்குள் போட்டிருந்தாள்.

வெயில் ஏறிவிட்டது.

வழியில் ரயில்வே மேம்பாலம் வந்தது. ஏற்றம் தொடங்கியதும் அவள் சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தாள். தோள்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடின. கழுத்து நரம்பு தெரிந்தது.

எல்லா ஏற்றத்திலும் அவள் அப்படித்தான். எம்மவ எழுந்து நின்னு மிதிச்சான்னா பாக்கணும் என்று தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அது அவள் பாணி என்று நினைத்திருந்தார்.

பாலத்தின் பாதியில் அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். சட்டென்று சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

உட்கார்ந்தபடியே, மெல்ல, மிதித்தாள்.

அவர் வேகத்தைக் குறைத்தார். அவள் திரும்பினாலும் தான் கண்ணில் படாத தூரம்வரை பின்தங்கினார்.