ஐந்து கடையிலும் ஒரே ஜிப்

“இன்னைக்கு ஜிப்போடதேன் திரும்பி வருவேன். யாரும் மிஷினை விட்டு எந்திரிச்சிறாதீக!”

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டே சொன்னாள் கிருபாவதி. பழனிசெட்டிபட்டியில் அவள் நடத்தும் சீருடைத் தையல் யூனிட்டில், இரண்டாயிரம் மெரூன் பேண்ட்கள் பாதி தைத்தபடி குவிந்து கிடந்தன. பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம்தான். சொன்ன தேதிக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷ ஆர்டர் கைவிட்டுப் போகும். அதை நம்பியிருக்கும் பெண்களின் வேலையும் போகும்.

“துணி இருக்கு, நூல் இருக்கு, ஆள் இருக்கு. இத்துனூண்டு ஜிப்புக்காக நாம நாறணுமா சொர்ணலதா?”

“நமக்குப் போட்டியா யூனிட் நடத்துற அந்தச் செல்வினோட வேலையாத்தேன் இருக்கும்க்கா,” என்றாள் சூப்பர்வைசர் சொர்ணலதா. “நமக்குக் கிடைக்கக் கூடாதுன்னே மொத்தத்தையும் மடக்கியிருப்பான். அடுத்த வருஷ ஆர்டர் மேல அவனுக்குக் கண்ணு.”

“நானும் பெரியகுளத்துல இருந்து கம்பம் வரைக்கும் ஏறாத கடை இல்ல. எல்லாரும் ‘சொல்லியிருக்கோம், வந்துரும்’ங்கிறாக. இனி கடைக்காரகளை நம்பிப் புண்ணியமில்ல. மொத்த வியாபாரி கிட்டயே போயி உக்காந்துர்றேன்.”

தேனி பஜாரில் முத்துக்கருப்பனின் மொத்தக் கடை. கடைக்காரர்களுக்கு மட்டும்தான் சரக்குத் தருவார்.

“பழனிசெட்டிபட்டியில இருந்து வாறேண்ணே. மெரூன் ஜிப் இருக்கா, இல்லையா?”

“இருக்கு தாயி.”

கிருபாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வெச்சுக்கிட்டா இத்தனை நாளா அலைய விடுறீக?”

“கோவப்படாதீக. இருக்கிறது ரெண்டாயிரம். அஞ்சு கடைக்காரக ஆளுக்கு ரெண்டாயிரம் கேக்குறாக. ஒருத்தருக்குக் கொடுத்தா மத்த நாலு பேரும் சண்டைக்கு வருவாக. மீதிக்கு சூரத்துல சொல்லியிருக்கேன். பத்து நாள்ல வந்ததும் எல்லாருக்கும் சேர்த்து அனுப்பிருவேன்.”

“பத்து நாளா? என் பொழப்பே போயிரும்ணே! பத்தாயிரம் பேண்ட் இங்கன யாரு தைக்கிறா? எவனோ ஒருத்தன் எல்லாக் கடையிலயும் சொல்லி மடக்கப் பாக்குறான். அவன் யாருன்னு தெரியாம நான் நகர மாட்டேன். போன் போட்டுக் கேளுங்க!”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டாள்.

வேறு வழியில்லாமல் முத்துக்கருப்பன் போனை எடுத்தார். பெரியகுளம், போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று வரிசையாகக் கூப்பிட்டு, யாருக்காக ஜிப் கேட்டார்கள் என்று விசாரித்தார். கடைசிக் கடைக்காரரிடம் பேசி முடித்தபோது அவருக்கே கோபம் வந்துவிட்டது.

“நீங்க சொன்னது சரிதேன் தாயி. அஞ்சு கடையிலயும் ஒரே ஆள்தேன் சொல்லி வெச்சிருக்கு!”

“பாத்தீகளா! செல்வின்தானே?”

“இல்ல தாயி, கிருபாவதியாம். உங்க ஊருக்காரிதேன். பாத்தா, நல்லா நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளுங்க!”